அரை மில்லிகிராம்தானே? மனச்சோர்வு மருந்தோடு சேரும் தூக்க மாத்திரை



“ஹஜ்ரத், ராத்திரி மாத்திரை போட்டாத்தான் தூக்கம் வருது. இது ஹராமா?” ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கடைசி ஆளாக நின்று தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. காஞ்சிபுரத்தில் தறி, சாயம், ஜவுளி வியாபாரம் என்று பிழைக்கும் குடும்பங்களில் ஆண்கள் நேராகக் கேட்கிறார்கள். பெண்கள் மகன் மூலமோ சகோதரர் மூலமோ கேட்டனுப்புகிறார்கள். நோய்க்காக மருத்துவர் தந்த மருந்து ஹராமாகாது என்பது நம் சுருக்கமான பதில். அதன் விவரத்தைப் பிறகு சொல்கிறோம். ஆனால் கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறீர்கள்? மாதக் கணக்கில் பதில் சொல்பவர்கள் குறைவு. மூன்று வருடம், ஐந்து வருடம் என்கிறார்கள்.

நாம் மருத்துவர் அல்லர். யாரையும் மருந்தைத் தொடங்கச் சொல்லவோ நிறுத்தச் சொல்லவோ இதை எழுதவில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை அட்டைக்குள் என்ன இருக்கிறது, அதை ஏன் இவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதைக் குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் இன்று முதலில் எழுதப்படுபவை எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்துகள். மூளையில் செரோடோனின் என்னும் வேதிப்பொருளின் போக்கைச் சீராக்குவதன் வழியாக இவை வேலை செய்கின்றன. மெதுவாகத்தான் வேலை செய்யும். இன்று விழுங்கினால் நாளை பலன் தெரியாது. இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஆரம்ப நாட்களில் சிலருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் முன்பைவிடக் கூடும். “மாத்திரை போட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது” என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுபவர்கள் இதனால்தான் நிறுத்துகிறார்கள்.

இந்த இடைவெளியைத் தாண்ட உதவுவதற்காகச் சேர்க்கப்படுவது இரண்டாவது வகை. அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம், லோராசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு ஆகியவை இதில் அடங்கும். மருத்துவர்கள் இவற்றைப் பென்சோடயசிபைன்கள் என்பார்கள். மக்கள் வழக்கில் எல்லாம் ‘தூக்க மாத்திரை’தான். பெயர் ‘பாம்’ என்றோ ‘சோலம்’ என்றோ முடிந்தால் பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும். விற்பனைப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மருந்தின் உண்மைப் பெயர் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். நெஞ்சு படபடப்பு அடங்கும், கண் சொருகும். ஆறு வாரம் கழித்துப் பலன் தரும் மருந்தும் அரை மணியில் பலன் தரும் மருந்தும் ஒரே சீட்டில் இருந்தால், நோயாளியின் மனம் எதை நம்பும்? உண்மையான சிகிச்சை முதல் மாத்திரை. ஆனால் ‘கேட்கிற மாத்திரை’ என்று பெயர் வாங்குவது இரண்டாவது.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019ஆம் ஆண்டில் இதைப் பற்றியே ஒரு தொகுப்பு வெளியிட்டது. மொத்தம் 10 ஆய்வுகள், 731 நோயாளிகள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு முதல் நான்கு வாரங்களில் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. அதற்குப் பிறகு, மனச்சோர்வு மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆக, தூக்க மாத்திரையின் வேலை நான்கு வாரத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. நம் வீடுகளில் அது நான்கு வருடம் தொடர்கிறது.

உலகம் இதை ஒருமுறை அனுபவித்துப் பார்த்துவிட்டது. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டயசிபாக்சைடு 1960இலும் டயசிபாம் 1963இலும் சந்தைக்கு வந்தன. அதற்கு முன்பிருந்த பார்பிட்டுரேட் தூக்க மருந்துகள் சற்று அளவு மீறினாலே உயிரைப் பறிப்பவை. அவற்றோடு ஒப்பிடும்போது புதிய மாத்திரைகள் பாதுகாப்பானவை என்பது உண்மைதான். அந்த நம்பிக்கையில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பரவின. 1979ல் செனட்டர் எட்வர்ட் கென்னடி தலைமையில் விசாரணை நடத்தும் அளவுக்கு விவகாரம் போனது. 1988ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மட்டுமே இவற்றைக் கொடுக்க வேண்டும் என்றது. 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, உடல் இவற்றைச் சார்ந்துவிடும் அபாயத்தைக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையாக அச்சிட உத்தரவிட்டது.

நான்கு வாரத்துக்கு மேல் என்னதான் நடக்கிறது? காஞ்சிபுரத்தாருக்கு இதைத் தறியை வைத்துச் சொல்வது எளிது. பாவு நூலுக்கு ஓர் அளவான இறுக்கம் வேண்டும். இறுக்கம் கூடினால் இழை அறும், குறைந்தால் நெசவு நிற்காது. நம் மூளையும் இப்படித்தான். விழிப்பூட்டும் சக்தி ஒருபுறம், அடக்கும் சக்தி மறுபுறம். அடக்கும் சக்திக்குக் காபா என்று பெயர். தூக்க மாத்திரை இந்தக் காபாவின் வேலையைப் பெருக்கி, இறுக்கத்தைத் தளர்த்துகிறது. தளர்வு தினமும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. தன் பங்குக்கு இறுக்கிக்கொள்ளும். அப்போது பழைய அளவு மாத்திரை பழையபடி வேலை செய்யாது. இதைத்தான் மருந்துக்கு உடல் பழகிப்போதல் என்கிறோம். தூக்கம் தரும் குணம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மங்க ஆரம்பித்துவிடும். பதற்றத்தைக் குறைக்கும் குணம் மங்க அதைவிட நாளாகும்.

இப்போது அந்த வெளித் தளர்வை ஒரே நாளில் எடுத்துவிட்டால்? உள்ளே இறுக்கி வைத்தது அப்படியே நிற்கிறது. இழை அறுகிறது. தூக்கம் அடியோடு போவது, கை நடுக்கம், வியர்வை, பயம், இல்லாததைக் காண்பது, சிலருக்கு வலிப்பு. வலிப்பு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மனச்சோர்வு மருந்து உடன் இருப்பது இந்தப் பழகிப்போதலைத் தடுப்பதில்லை. மாறாக, ஒரு குழப்பத்தைக் கூட்டுகிறது. அல்பிரசோலத்தின் அளவு சுமார் 11 மணி நேரத்தில் உடலில் பாதியாகிவிடும். இரவு 9 மணிக்குப் போட்டவருக்குக் காலையில் மருந்து இறங்கும்போது படபடப்பு வரும். அது நோய் அல்ல, மாத்திரை இறங்குவதன் விளைவாக இருக்கலாம். ஆனால் வீட்டில் என்ன முடிவு செய்கிறார்கள்? “காலை மாத்திரை கேட்கவில்லை, நோய் முற்றிவிட்டது.” ஒரு அரை மாத்திரை கூடுகிறது. பிறகு முழு மாத்திரை. உண்மையில் மனச்சோர்வு மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கக்கூடும். எது நோய், எது மருந்தின் விளைவு என்று பிரித்தறிவது அனுபவமுள்ள மனநல மருத்துவரின் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் வேலை அல்ல.

ஒரே மாத்திரைக்குள் இரண்டு

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரையாக, பல நிறுவனப் பெயர்களில் இந்திய மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. 5ம் 0.25ம் சேர்ந்ததும் உண்டு. செலவு குறைவு, மறக்காமல் சாப்பிடலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். முதல் மாதத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் எஸ்சிடாலோபிராமை மனச்சோர்வு நீங்கிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். குளோனசிபாமையோ சில வாரங்களில் இறக்கியிருக்க வேண்டும். ஒட்டிப் பிறந்த இந்த இரண்டை எப்படிப் பிரிப்பது? பாதியாக உடைத்தால் இரண்டுமே பாதியாகும். நிறுத்தினால் இரண்டுமே ஒரே நாளில் நிற்கும். மருத்துவரிடம் போய்த் தனித்தனி மாத்திரையாக மாற்றிக்கொண்டால்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்க முடியும்.

“0.5தானே ஹஜ்ரத், சின்ன அளவுதானே” என்று சொல்கிறார்கள். எண் சிறியது, மருந்து சிறியதல்ல. பிரிட்டனின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து மக்களை மீட்பதற்கென்றே மருத்துவப் பிரிவு நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டனின் கணக்குப்படி, 0.5 மில்லிகிராம் குளோனசிபாம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் டயசிபாமுக்குச் சமம். ‘பத்து’ என்றால் யோசித்திருப்போம். ‘புள்ளி ஐந்து’ என்பதால் யோசிப்பதில்லை.

இதில் நமக்கு மிகவும் கவலை தருவது, தான் தூக்க மாத்திரை சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிடுவது. தெரியாமல் பழகிய உடலுக்கு என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவற்றைக் கலந்து விற்கும் கொடுமை நெடுநாளாக உண்டு. 2015 செப்டம்பரில் அரசு நடவடிக்கை எடுத்துக் கலப்படக் கள்ளை நிறுத்தியபோது, மகபூப்நகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஏராளமானோர் வலிப்பு, பிதற்றல், நடுக்கத்தோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். இறப்புகளும் நேர்ந்தன. தாங்கள் கள்ளுக்குப் பழகியதாக நினைத்திருந்த அவர்களின் உடல் பழகியிருந்தது மாத்திரைக்கு. கள்ளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் தினமும் எடுத்து, ஒருநாள் சட்டென்று நிறுத்தும் விஷயத்தில் சம்பந்தம் இருக்கிறது.

முதுகுவலி மாத்திரையும் சேரும்போது

குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்காருபவருக்கு முதுகு, கழுத்து, முழங்கால் வலி இல்லாமல் இருக்காது. வலிக்கு டிராமடால் கலந்த மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இது அபின் வகையைச் சார்ந்த வலிநிவாரணி. தூக்க மாத்திரையோடு இது சேர்ந்தால் மூச்சு மந்தமாகி ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2016லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை வந்துவிட்டது. மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தாலோ செரோடோனின் அளவு மீறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். ஆக, இரண்டு பக்கமும் மோதுகிற மருந்து இது. டைக்ளோஃபினாக் போன்ற சாதாரண வலி மாத்திரையும் எஸ்சிடாலோபிராம் வகையோடு தொடர்ந்து சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பைக் கூட்டும். சளிக்குப் போடும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை மயக்கத்தைக் கூட்டும்.

மனச்சோர்வு மருந்துகளிலும் எல்லாம் ஒன்றல்ல. ஃப்ளுவாக்ஸமின் என்ற மருந்து, கல்லீரல் அல்பிரசோலத்தைக் கழிப்பதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை இரண்டு மடங்கு வரை ஏற்றிவிடும். ஃப்ளுவாக்ஸெடினும் ஓரளவு ஏற்றும். செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் ஒரு மருந்தை மாற்றும்போது மற்றதன் பலமும் மாறலாம். எல்லா மருத்துவரிடமும் எல்லா மாத்திரையையும் காட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். எலும்பு மருத்துவரிடம் மனநல மாத்திரையை மறைப்பதில் எந்தக் கௌரவமும் காப்பாற்றப்படுவதில்லை.

வயதானவர்கள் விஷயம் தனி. அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த மாத்திரைகள் உடலில் நீண்ட நேரம் தங்கும். குளோனசிபாம் நடுத்தர வயதினருக்கே 30 முதல் 40 மணி நேரம் பாதியாவதற்கு எடுத்துக்கொள்ளும். நேற்றைய மாத்திரை தீர்வதற்குள் இன்றைய மாத்திரை சேர்ந்துவிடுகிறது. ஃபஜ்ருக்கு பாங்கு கேட்டு எழுந்து, இருட்டில், ஈரத் தரையில் ஒளூ செய்யப் போகும் பெரியவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். ஒளூ செய்யும் இடத்தில் ஒரு விளக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைப்பதற்கு அதிகச் செலவாகாது. கொதிக்கும் சாயத் தொட்டி அருகே வேலை செய்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் தம் வேலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு, டிராமடால் ஆகியவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் பழைய அட்டையைக் காட்டி வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவது நாம்தானே? மருத்துவர் பதினைந்து நாளைக்கு எழுதிய மருந்தைப் பதினைந்து மாதம் நீட்டிப்பது அநேகமாக இந்த வழியில்தான். தெரிந்த கடைக்காரர் தருகிறார் என்பது நமக்குச் செய்யப்படும் உதவி அல்ல.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைக் குப்பையில் போடுபவர்கள் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். சில வாரங்களுக்கு மேல் தினமும் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தவே கூடாது. ஆஷ்டன் கையாண்ட வழி, மெல்ல மெல்ல, மாதக் கணக்கில் இறக்குவது. சிலருக்கு வேகமாக இறங்கும் அல்பிரசோலத்தை மெதுவாக இறங்கும் டயசிபாமுக்கு மாற்றி, பிறகு குறைப்பது. 2025ல் வந்த அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதில் தொடங்கலாம் என்கிறது. பாவின் இறுக்கத்தை மூளை தானே மெல்லத் தளர்த்திக்கொள்ள அவகாசம் தருவதுதான் இதன் உட்பொருள். மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டியது இது. கர்ப்பிணிகள் கட்டாயம் மருத்துவரைக் கலந்தே எதையும் செய்ய வேண்டும். கடைசி மாதங்களில் எடுக்கும் தூக்க மாத்திரை பிறக்கும் குழந்தையைத் துவளச் செய்யலாம், சட்டென்று நிறுத்துவதும் தாய்க்குக் கேடு.

மனச்சோர்வு மருந்தும் இப்படித்தான் அடிமையாக்குமா என்று கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. எஸ்சிடாலோபிராம் வகையைச் சட்டென்று நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவுகள் வரலாம். அதனால் அதையும் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். ஆனால் அளவைக் கூட்டிக் கூட்டிப் போடத் தூண்டும் ஏக்கம் அதில் வருவதில்லை. ‘தூக்க மாத்திரை’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் திட்டி, தேவையான மருந்தை நிறுத்தவைத்து, ஒரு பிள்ளையைத் தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் விட்டுவிடுவது பெரும் அநியாயம்.

மார்க்கத்தின் பக்கம்

மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை நாம் அறிவோம். அழுகிய கையை வெட்டியெடுக்க நினைவு நீக்கும் மருந்து தேவைப்பட்டால் கூடுமா என்ற கேள்வியை ஃபிக்ஹு அறிஞர்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முடிவு கூறியிருக்கிறார்கள். தேவைக்காக, தேவையான அளவு என்பதே அதன் அடிப்படை. மருத்துவர் சொன்ன அளவில் இருக்கும்வரை குற்ற உணர்வு வேண்டாம். போதைக்காக அளவை மீறுவது வேறு விஷயம். அதற்கு நோய் என்ற சமாதானம் செல்லாது.

‘ஈமான் பலமாக இருந்தால் மனச்சோர்வு வருமா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஹிஜ்ரி 322ல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலை எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் கவ்வும் துக்கம் வேறு என்று அதில் பிரித்து, பின்னதை உடலோடு தொடர்புள்ளதாகக் கண்டு அதற்கு உடல் மருத்துவமும் சொன்னார். ஓதிப்பார்ப்பதும் துஆவும் நம்மோடு எப்போதும் இருக்கட்டும். அவை மருத்துவர் வீட்டுக் கதவைச் சாத்துவதற்காக வந்தவை அல்ல.

ரமளான் நெருங்கும்போது இந்த மருந்துகளைப் பற்றி அதிகம் கேட்கப்படுகிறது. நாளுக்கு ஒருவேளை எடுக்கும் மனச்சோர்வு மருந்தைப் பெரும்பாலும் இஃப்தாருக்குப் பிறகோ சஹருக்கோ மாற்ற முடியும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை அல்பிரசோலம் எடுப்பவர் பகல் வேளையைத் தானாக விட்டுவிடக்கூடாது. அது திடீரென நிறுத்துவதற்குச் சமமாகும். ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு உடலுக்குக் கேடு என்று மருத்துவர் சொன்னால் நோயாளிக்கான சலுகை இருக்கிறது. குணமான பிறகு களா செய்துகொள்ளலாம்.

வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம்தான் பல வீடுகளில் மருத்துவரைத் தள்ளிவைத்து மருந்துக் கடையைப் பக்கத்தில் கொண்டுவருகிறது. பயத்தை நாம் குறை சொல்லவில்லை. ஊர் வாய் அப்படி. ஆனால் பெயர் சொல்லாமலே பேசும் வழி இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

அடுத்தமுறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், முதுகுவலிக்கு வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். “இதில் தூக்க மாத்திரை எது, எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைக்க வேண்டும்?” என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே வாலிபப் பிள்ளை ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. சீட்டில் எழுதியிருப்பதை வீட்டுக்கு வந்ததும் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்ல அவர் இருப்பார்.